ஆலங்கட்டி மழையில் அடிபட்ட வாகனம்: பழுதும் காப்பீடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலங்கட்டி மழை பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அது வாகனத்தில் விட்டுச்சென்ற ஒடுக்குகளை எடுத்து, காப்பீட்டுக் கணக்கை முடிப்பதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்களில் உரிமையாளர்கள் மனத்தில் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. காப்பீட்டு விதிகள் நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி வேறுபடும் என்பதால், இங்குள்ள விளக்கத்தோடு உங்கள் பாலிசி வாசகம் மாறுபட்டால் பாலிசி வாசகமே செல்லுபடியாகும்.

மழை ஓய்ந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகுதான். பின்புறக் கண்ணாடியோ கூரைக் கண்ணாடியோ உடைந்து உள்ளே தண்ணீர் இறங்கினால், இருக்கை நுரை, தரைவிரிப்பு, அதற்கடியில் ஓடும் ஒயரிங், சில வாகனங்களில் இருக்கைக்குக் கீழேயே பொருத்தப்பட்டிருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என்று சேதம் வளர்ந்துகொண்டே போகும். சேதம் மேலும் பெருகாமல் காக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்ற நிபந்தனை ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் உண்டு. ஆகவே உடைந்த இடத்தைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவது உங்கள் வசதிக்காக மட்டுமல்ல. மூடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பைக் கண்ணாடியின் மீதோ ரப்பர் பட்டையின் மீதோ ஒட்டுங்கள். பெயின்டின் மீது ஒட்டி இரண்டு நாள் வெயிலில் விட்டால், ஆலங்கட்டி செய்யாத சேதத்தை அந்தப் பசை செய்துவிடும். விரிப்பு வாங்கிய ரசீது, வாகனத்தை இழுத்துச் சென்ற கட்டண ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் இவை பெரும்பாலும் கிளைமில் சேரக்கூடிய செலவுகள்.

கண்ணாடி எதுவும் உடையவில்லை என்றால் அன்றைக்கே ஓட வேண்டிய வேலை எதுவும் இல்லை. பெயின்ட் விரிசல் விடாத ஒடுக்கு துருப்பிடிப்பதில்லை, நாளாக நாளாகப் பெரிதாவதுமில்லை. ஒடுக்கு ஓடிப்போய்விடாது, ஆனால் அது எந்த மழையில் விழுந்தது என்பதற்கான சான்று கரைந்துவிடும். தரையில் கிடக்கும் ஆலங்கட்டியை ஓர் அளவுகோலுக்கோ நாணயத்துக்கோ அருகில் வைத்து ஒரு படம் எடுப்பதற்கு அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடம் திரும்பக் கிடைக்காது.

ஒடுக்குகள் கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. அவற்றை எப்படிப் படம் எடுப்பது?

உச்சிவெயிலில் தேடினால் பாதிகூடத் தெரியாது. என் வாகனத்தின் பானட்டில் மதியம் எண்ணியபோது பதினான்கு ஒடுக்குகள்தான் கிடைத்தன. மறுநாள் அதிகாலை, சூரியன் அடிவானத்தில் இருந்தபோது அதே பானட்டைத் தாழ்ந்து குனிந்து பார்த்ததில் நாற்பதைத் தாண்டியது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் பள்ளத்தின் ஒரு விளிம்பு பளிச்சிட்டு, மறு விளிம்பு நிழலாகிறது.

முதலில் வாகனத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள், ஏனெனில் தூசி படிந்த பரப்பில் ஆழமற்ற ஒடுக்கு மறைந்துவிடும். பின்னர் காலையிலோ மாலையிலோ, அல்லது குழல்விளக்கு எரியும் கூடத்திலோ நிறுத்தி, விளக்கின் நேர்கோடு பேனல் மீது, அதாவது கதவு, பானட், கூரை போன்ற தகட்டுப் பகுதியின் மீது, பிரதிபலிக்கும்படி நின்று பாருங்கள். நேராக ஓட வேண்டிய அந்த ஒளிக்கோடு ஒடுக்கு உள்ள இடத்தில் வளைந்து, ஒரு கண்ணீர்த்துளி போலச் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் படம் எடுங்கள். முழு வாகனமும் பதிவு எண்ணும் தெரியும் படம் நான்கு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொன்று, அதன்பின் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனிப் படம், பிறகு குறிப்பிட்ட ஒடுக்குகளின் நெருக்கமான படம் என்ற வரிசையில் எடுத்தால், பின்னர் பார்ப்பவருக்கு எது எங்கே உள்ளது என்ற குழப்பம் வராது. கூரையை மறந்துவிடாதீர்கள், மிக அதிகமாக அடி வாங்குவதும், நின்ற நிலையில் கண்ணில் படாமல் தப்புவதும் அதுதான்.

எவ்வளவு பெரிய ஆலங்கட்டி விழுந்தால் வாகனம் சேதமடையும்?

5 மில்லிமீட்டர் விட்டத்தைத் தொட்டாலே அது ஆலங்கட்டி என்று கணக்கிடப்படும். ஆனால் அந்த அளவு வாகனத்தை ஒன்றும் செய்யாது. ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டரை எட்டும்போதுதான் தகடு ஒடுங்கத் தொடங்குகிறது. அந்த அளவிலிருந்து 4.5 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிகள் மணிக்குச் சுமார் 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் விழுகின்றன. விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. விழும் வேகமும் கூடுவதால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது. எலுமிச்சை அளவுக் கட்டி பானட்டில் குழி விழச் செய்கிறது என்றால், ஆரஞ்சு அளவுக் கட்டி கண்ணாடியைத் துளைத்து உள்ளே வருவதற்கு இதுவே காரணம். பதிவானவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று, 2010 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் விழுந்தது. அதன் விட்டம் 20 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 0.9 கிலோ. காற்று பலமாக வீசினால் கட்டிகள் சாய்ந்து வந்து கதவுகளையும் பதம் பார்க்கும், ஆகவே கூரை நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பக்கவாட்டைப் பார்க்காமல் விடக்கூடாது.

எந்தக் காப்பீடு இந்தச் சேதத்துக்குப் பணம் தரும்?

சொந்த வாகனத்துக்கு நேரும் சேதத்தையும் உள்ளடக்கிய முழுமைக் காப்பீடு தரும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது, ஏனெனில் அது நீங்கள் பிறருக்கு விளைவிக்கும் இழப்புக்கானது. வானத்திலிருந்து விழுந்த பனிக்கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சில நாடுகளில் முழுமைக் காப்பீட்டுக்கும் மூன்றாம் தரப்புக்கும் இடைப்பட்ட பகுதிக் காப்பீடு ஒன்று உண்டு. தீ, திருட்டு, புயல், ஆலங்கட்டி போன்றவற்றை அது ஏற்கும், நீங்களே கொண்டுபோய் மோதியதை ஏற்காது. பாலிசியில் இயற்கைச் சீற்றங்கள் என்ற தலைப்பின் கீழ் ஆலங்கட்டி என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மழைக்குப் பிறகு பாலிசி எடுத்து கிளைம் செய்ய முடியுமா?

முடியாது. முயன்றால் அது மோசடி. கடும் புயல் எச்சரிக்கை வெளியான நேரத்தில் புதிய பாலிசி வழங்குவதையே நிறுத்தி வைக்கும் நிறுவனங்களும் உண்டு.

கிளைம் செய்வது நல்லதா, கைக்காசைப் போட்டுச் சரி செய்வது நல்லதா?

இதற்குக் கணக்குப் போட்டுத்தான் விடை காண வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு கிளைமிலும் முதல் பங்காக நீங்களே ஏற்க வேண்டிய ஒரு தொகை உண்டு. பாலிசியில் அது டிடக்டிபிள் என்றோ எக்ஸஸ் என்றோ இருக்கும். பழுதுச் செலவு அந்தத் தொகையை ஒட்டியே இருந்தால் கிளைம் செய்வதில் பொருளில்லை. அடுத்ததாக, பல நாடுகளில் கிளைம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரப்படும் நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடியைப் பாருங்கள். ஆலங்கட்டி விழுந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை என்றாலும், கிளைம் செய்தால் அந்தத் தள்ளுபடி போய்விடும் என்பதுதான் பல பாலிசிகளின் விதி. தவறு யாருடையது என்பதை அது பார்ப்பதில்லை, பணம் கொடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்கிறது. இழந்த தள்ளுபடி மீண்டும் பழைய அளவுக்கு ஏற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டு, அந்த ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தையும் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகங்களை மாற்றும்போது தேய்மானம், அதாவது பழைய பாகம் உழைத்த காலத்துக்கான மதிப்புக் குறைவு, கழிக்கப்படும் பாலிசி என்றால் அதுவும் உங்கள் கையிலிருந்து போகும். இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. தேய்மானம் புதிதாக மாற்றும் பாகத்துக்கே கழிக்கப்படுவதால், பானட்டை மாற்றாமல் ஒடுக்கு மட்டும் எடுக்கும் வேலையில், அதாவது கூலி மட்டுமே உள்ள வேலையில், உங்கள் பங்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கூரை முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது, கிளைம் செய்யுங்கள். பானட்டில் நான்கைந்து ஒடுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் கைக்காசே லாபம். இடைப்பட்ட நிலையில்தான் பேனா எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும்.

எத்தனை நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்?

பாலிசியில் எழுதியிருக்கும் காலத்துக்குள். பல பாலிசிகளில் நாள்கணக்கு இல்லாமல் உடனடியாக அல்லது கூடிய விரைவில் என்ற சொற்களே இருக்கும், அந்த நெகிழ்வை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது மழை ஒன்று வந்துவிட்டால் எது எந்த நாளில் விழுந்தது என்ற சர்ச்சை எழும்; ஒவ்வொரு மழையும் தனி நிகழ்வாகக் கொள்ளப்பட்டால் டிடக்டிபிளும் இருமுறை கழியும். தெரிவிப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் தொடர்பில்லை: இன்றே தெரிவித்துவிட்டு, வேலையை அடுத்த மாதம் செய்துகொள்ளலாம். ஆனால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்வையிடும் முன் எந்த ஒடுக்கையும் எடுக்க விடாதீர்கள். கண்ணில் இல்லாத சேதத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

சர்வேயர் எதைப் பார்க்கிறார்? மதிப்பு எப்படிப் போடப்படுகிறது?

ஆலங்கட்டிச் சேதத்தில் மதிப்பீடு என்பது பெரும்பகுதி எண்ணிக்கை. பேனல் பேனலாக ஒடுக்குகளை எண்ணி, அவற்றை நாணயங்களின் அளவைக் கொண்டு சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, எண்ணிக்கைக்கும் அளவுக்கும் ஏற்ப ஒரு விலைப்பட்டியலிலிருந்து தொகை எடுக்கும் வழக்கம் பல நாடுகளில் நிலைத்துவிட்டது. அலுமினியப் பேனல், கூரை போன்று கை எட்டாத இடம், பெயின்ட் தெறித்த ஒடுக்கு ஆகியவற்றுக்குக் கூடுதல் தொகை சேர்க்கப்படும். எளிதில் விடுபடுபவை குரோம் பட்டைகள், கண்ணாடிச் சட்டத்தின் பளபளப்பான ஓரங்கள், கூரையில் சாமான் கட்டும் கம்பிகள், வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி, விளக்குக் கண்ணாடியில் உள்ள மெல்லிய விரிசல். பளபளப்பு அலுமினியப் பட்டையில் ஒடுக்கு விழுந்தால் எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே இவற்றை நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.

பழைய ஒடுக்குகளைச் சர்வேயர் தனியாகப் பிரித்துவிடுவார். வண்டி நிறுத்துமிடத்தில் பக்கத்துக் கதவு இடித்த ஒடுக்கு நீளவாக்கில், ஒரே உயரத்தில் இருக்கும். ஆலங்கட்டி ஒடுக்கு வட்டமாக, மேல்நோக்கிய பரப்புகளில் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். அனுபவமுள்ள கண்ணுக்கு இந்த வேறுபாடு நொடியில் தெரியும் என்பதால், பழையதைப் புதியதோடு சேர்த்துவிடும் ஆசை வீண். அது நேர்மையான பகுதியின் மீதும் ஐயத்தைக் கொண்டுவரும்.

பெயின்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுக்க முடியும் என்கிறார்களே, அது எப்படி?

பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர் என்று பட்டறைகளில் சொல்லப்படும் முறை அது. அடிபட்ட தகடு கிழிவதில்லை, சற்று இழுபட்டுக் குழிகிறது. அதன் மீதுள்ள கம்பெனி பெயின்ட், தகட்டோடு சேர்ந்து வளையும் தன்மை கொண்டதால் பெரும்பாலும் உடையாமல் இருக்கிறது. தகட்டை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் பெயின்டும் கூடவே வந்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

வேலையை அருகில் நின்று பார்த்தால் இதற்கு ஏன் அத்தனை கூலி என்பது புரியும். கூரையின் உட்புறத் துணிப்பலகை கழற்றப்படுகிறது. வரிவரியாக ஒளிரும் ஒரு விளக்குப் பலகை பேனலுக்கு எதிரே நிறுத்தப்படுகிறது. தொழிலாளி வளைந்த நுனியுள்ள நீண்ட எஃகுக் கம்பியைத் தகட்டின் பின்புறம் நுழைத்து, கண்ணைப் பின்புறத்தில் அல்ல, முன்புறத்தில் நெளியும் ஒளிக்கோட்டில் வைத்துக்கொள்கிறார். கம்பி நுனி எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கோட்டில் எழும் மிகச் சிறிய நடுக்கத்தைக் கொண்டே கண்டுபிடிக்கிறார். ஒரே அழுத்தாக அழுத்திவிடுவதில்லை. ஊசிமுனை அளவுக்கு அழுத்தி, நகர்த்தி, மீண்டும் அழுத்தி, கோடு நேராகும் வரை பொறுமையாகத் தொடர்கிறார். அதிகமாக அழுத்தினால் பள்ளம் மேடாகும். அதைப் பிளாஸ்டிக் முனையுள்ள சிறு உளியால் மேலிருந்து மெல்லத் தட்டி இறக்க வேண்டும். பின்புறம் கை எட்டாத இடங்களில் சூடான பசையால் ஒரு பிளாஸ்டிக் குமிழை ஒட்டி வெளியே இழுக்கிறார்கள்.

இந்த வழியில் சரி செய்ய முடியும் என்றால் இதையே கேளுங்கள். பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடிக்கும் டிங்கரிங் வேலையில் மேற்பரப்பு அழகாக வரலாம். ஆனால் கம்பெனி பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான், வாகனத்தை விற்கும்போது பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த ஒடுக்குகளை இப்படி எடுக்க முடியாது?

பெயின்ட் விரிசல் விட்ட ஒடுக்கு, தகடு கூர்மையாக மடிந்த ஒடுக்கு, பேனலின் ஓரத்திலோ, தகட்டில் வடிவத்துக்காக மடித்த கோட்டின் மீதோ விழுந்த ஒடுக்கு ஆகியவை கடினம். முன்பே பட்டி போட்ட பேனலில் அழுத்தினால் பட்டி உடைந்து தெறிக்கும்; மறுபெயின்ட் அடித்த பேனலில் பசை வைத்து இழுத்தால் பெயின்டே உரிந்து வரக்கூடும். பானட்டின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் உட்சட்டம், கூரையின் இருபுற விளிம்புத் தூண்கள் போன்ற இரட்டைத் தகட்டு இடங்களில் கம்பி நுழைய வழியிருக்காது.

இந்த இடங்களில் வேலையை எளிதாக்கிக்கொள்ளச் சிலர் உட்சட்டத்தில் துளை போடுவார்கள். வேலை முடிந்ததும் ஒரு ரப்பர் மூடியை வைத்து அடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் துளையின் விளிம்பில் பெயின்ட் இல்லை, துரு அங்கிருந்துதான் தொடங்கும். எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் துளை போடக்கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அலுமினியப் பானட்டுக்கு ஏன் அதிகக் கூலி?

எஃகுத் தகடு பழைய வடிவத்தை நோக்கித் திரும்ப முனையும். அலுமினியம் அப்படி எளிதில் திரும்பாது, சற்று அதிகமாக அழுத்தினால் விரிசலும் விடும். மெல்லச் சூடேற்றி, நிதானமாகச் செய்ய வேண்டியிருப்பதால் நேரம் கூடுகிறது. உங்கள் பானட் எதனால் ஆனது என்பதை ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: அலுமினியத்தில் அது ஒட்டாது.

கூரையையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். பானட்டும் டிக்கி மூடியும் போல்ட்டில் பொருத்தப்பட்டவை, கழற்றி மாற்றினால் வாகனத்தின் கட்டமைப்பு மாறாது. கூரை அப்படியல்ல, அது வெல்டிங்காலும் கட்டுமானப் பசையாலும் தூண்களோடு இணைக்கப்பட்டது. அதை மாற்றுவதென்றால் முன்பின் கண்ணாடிகளை எடுத்து, வெல்டிங்கை அறுத்து, புதிய தகட்டைப் பொருத்தி, துருத்தடுப்புப் பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் வழிமுறைப்படி செய்யாவிட்டால் நீர்க்கசிவும் காற்றிரைச்சலும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும். பெயின்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுப்பதில் தேர்ந்த வேறொருவரிடம் காட்டி இரண்டாவது கருத்து கேளுங்கள். சில பட்டறைகளில் அந்தத் திறமை உள்ளவர் இல்லாத காரணத்தினாலேயே மாற்ற வேண்டும் என்ற முடிவு வந்துவிடுகிறது. தொண்ணூறு சதவீதம் சரியாகும், கூர்ந்து பார்த்தால் இரண்டு மூன்று இடத்தில் லேசான தடம் தெரியும் என்று நேர்மையாகச் சொல்பவர் கிடைத்தால், என் கருத்தில் அந்தத் தடத்தோடு வாழ்வதே மேல்.

கண்ணாடிகளை மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது; அடிபட்டால் விரிசல் விடும், சிதறாது. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் வெப்பத்தால் உறுதியாக்கப்பட்டவை. உடைந்தால் முழுதும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். முன்கண்ணாடியில் ஓட்டுநரின் நேர்ப்பார்வைக்கு அப்பால் சிறு தெறிப்பு மட்டும் இருந்தால், அழுக்கும் ஈரமும் உள்ளே போவதற்குள் பிசின் செலுத்தி அடைத்துவிட முடியும். அதுவரை வெளிப்படையான டேப் ஒன்றை அதன் மேல் ஒட்டி வையுங்கள்.

புதிய முன்கண்ணாடி ஒட்டும் பசை இறுகும் வரை வாகனத்தை எடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்பது பசையின் வகை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பொறுத்தது. பொருத்துபவரிடம் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். விபத்தின்போது முன் இருக்கையில் பயணிப்பவரின் காற்றுப்பை பல வாகனங்களில் இந்தக் கண்ணாடியின் மீது சாய்ந்துதான் விரிகிறது என்பதை நினைத்தால், அந்தப் பொறுமை பெரிதாகத் தோன்றாது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வாகனம் என்றால், கண்ணாடி மாற்றியபின் கேமராவைத் திரும்ப அளவீடு செய்ய வேண்டும். தானாக பிரேக் பிடிப்பதும் தடம் விலகினால் எச்சரிப்பதும் அந்தக் கேமராவை நம்பியே இயங்குகின்றன. அது சற்றுக் கோணம் மாறினாலும் தொலைவில் உள்ள பொருளின் இடத்தைத் தவறாகக் கணிக்கும். இந்த அளவீட்டுச் செலவு மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை தொடங்கிய பிறகு செலவு கூடினால் யார் கொடுப்பது?

உள்பலகையைக் கழற்றியதும், நல்ல விளக்கில் வைத்ததும் சர்வேயர் எண்ணியதைவிட அதிகமான ஒடுக்குகள் வெளிப்படுவது வழக்கமே. பட்டறை அங்கேயே வேலையை நிறுத்தி, படங்களோடு கூடுதல் மதிப்பீட்டை அனுப்பி, நிறுவனத்தின் ஒப்புதல் வந்தபின் தொடர வேண்டும். ஒப்புதலுக்கு முன் செய்துவிட்ட வேலைக்குப் பணம் வராமல் போகலாம். அந்தத் தொகையை உங்களிடம் கேட்க மாட்டோம் என்று பட்டறையிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பணத்தை வாங்கிக்கொண்டு ஒடுக்குகளை அப்படியே விட்டுவிடலாமா?

சில நாடுகளில், சில நிறுவனங்களில் இது அனுமதிக்கப்படுகிறது. பழைய வாகனத்தின் கூரையில் உள்ள ஆழமற்ற குழிகளோடு வாழ்வதில் ஓட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வாகனம் கடனில் இருந்தால், அதன் மீது உரிமை கொண்ட வங்கியின் ஒப்புதல் இல்லாமல் பணம் உங்கள் கைக்கு வராது. அடுத்து, பணம் வாங்கியும் பழுது பார்க்காத பேனலில் இரண்டாவது முறை ஆலங்கட்டி விழுந்தால், முதல் முறை கொடுத்த தொகையைக் கழித்த பின்னரே மீதியைத் தருவார்கள். பெரும்பாலும் மீதி என்று ஒன்றும் இருக்காது. ஒரே சேதத்துக்கு இருமுறை பணம் இல்லை என்பது நியாயமான விதிதான், ஆனால் அது பலருக்கும் இரண்டாவது மழையில்தான் தெரியவருகிறது.

நன்றாக ஓடும் வாகனத்தை முழு இழப்பு என்று அறிவிக்க முடியுமா?

முடியும். பழுதுச் செலவு வாகனத்தின் மதிப்பில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்ளப்படும். விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். வயதான வாகனத்தில் எல்லாப் பேனல்களும் அடிபட்டால், இயந்திரம் புத்தம் புதிது போல் ஓடினாலும் இது நடக்கும். சேதமடைந்த நிலையில் வாகனத்தின் மதிப்பைத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு, அதை உங்களிடமே விட்டுவைக்கும் வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் பதிவுச் சான்றில் அக்குறிப்பு ஏறுமா, மறுபடி முழுமைக் காப்பீடு கிடைக்குமா என்ற இரண்டையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மழைக்குப் பின் வீடு தேடி வந்து சரி செய்து தருகிறோம் என்பவர்களை நம்பலாமா?

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டி மழையில் ஏறத்தாழ 2 லட்சம் வாகனங்கள் சேதமடைந்தன. அத்தனை வாகனங்களை உள்ளூர்ப் பட்டறைகள் மட்டும் சமாளிக்க எந்த ஊராலும் முடியாது. மழை பெய்யும் ஊர்களைத் தேடிப் பயணிக்கும் கைதேர்ந்த ஒடுக்கு நிபுணர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்களுள் மிகச் சிறந்தவர்களும் உண்டு. அவர்கள் எந்த நிலையான பட்டறையின் பெயரில் வேலை செய்கிறார்கள், ஆறு மாதம் கழித்துக் குறை தெரிந்தால் யாரிடம் போக வேண்டும் என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்பே கேட்பவர், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர், கிளைம் உரிமையையே தம் பெயருக்கு மாற்றக் கேட்பவர் ஆகியோரைத் தவிருங்கள். டிடக்டிபிளை நீங்கள் கட்ட வேண்டாம், பில்லில் சரிக்கட்டிவிடுகிறோம் என்பது சலுகை அல்ல. அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொய்க் கணக்குக் கொடுப்பது. பல நாடுகளில் அது குற்றம், அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

வீட்டிலேயே சூடேற்றியும் குளிரவைத்தும் ஒடுக்கு எடுக்கலாம் என்கிறார்களே?

உலர்பனிக்கட்டி (டிரை ஐஸ்), முடி உலர்த்தி, கொதிநீர், உறிஞ்சு குமிழ் என்று பலவும் சொல்லப்படுகின்றன. பிளாஸ்டிக் பம்பரில் கொதிநீர் சில நேரம் பலன் தரும். ஆலங்கட்டி போட்ட சிறு, கூர்மையான குழிகளில் இவை எதுவும் முறையான வேலையைச் செய்யாது. உலர்பனிக்கட்டி கையைச் சுட்டுவிடும், திடீர் வெப்பமாற்றம் பெயின்டில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கலாம். பெயின்ட் விரிசல் விட்ட அந்த நொடியில், பெயின்ட் அடிக்காமல் சரி செய்யும் வாய்ப்பு கைநழுவுகிறது.

வாகனத்தைத் திரும்ப எடுக்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பகலில், கழுவிய நிலையில் எடுங்கள். மழையில் நனைந்த வாகனத்தையோ இருட்டிய பிறகோ எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். முன்பு படம் எடுத்த அதே கோணத்தில், அதே சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு பேனலையும் பாருங்கள். மெல்லிய பருத்தித் துணியைப் பேனல் மீது வைத்து அதன் மேல் உள்ளங்கையைத் தடவினால், கண்ணுக்குத் தப்பிய மேடு பள்ளம் கைக்குத் தெரியும். உள்ளே அமர்ந்து கூரைத் துணியில் கறையோ மடிப்போ இருக்கிறதா, விளக்கும் கைப்பிடியும் ஆடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் திரைக் காற்றுப்பைகள் கூரை விளிம்பில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால், சாவியைத் திருப்பியதும் எரியும் காற்றுப்பை விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். அணையாவிட்டால் வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கூரைக் கண்ணாடி உள்ள வாகனம் என்றால் ஒரு குவளைத் தண்ணீரை அதன் வாய்க்காலில் மெல்ல ஊற்றி, அது சக்கரத்தின் அருகே வெளியேறுகிறதா, உள்ளே சொட்டுகிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

நிறுவனம் தொகையைக் குறைத்தால் என்ன செய்வது?

குறைப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. பின்னர், வேறொரு பட்டறையில் பேனல் வாரியாக ஒடுக்கு எண்ணிக்கையுடன் ஒரு மதிப்பீடு வாங்கி, உங்கள் படங்களோடு சேர்த்து மறுபார்வை கேளுங்கள். மொத்தத் தொகை குறைவு என்று வாதாடுவதைவிட, கூரையில் நீங்கள் அறுபது என்று எழுதியிருக்கிறீர்கள், இந்தப் படத்தில் தொண்ணூறு உள்ளது என்று காட்டுவது வேலைக்கு ஆகும். அதற்கும் பலனில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதன்பின் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்போ குறைதீர்ப்பாளரோ இருக்கும் நாடுகளில் அவர்களிடம் செல்லலாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆலங்கட்டி விழத் தொடங்கினால்?

வேகத்தைக் குறையுங்கள், ஏனெனில் உங்கள் வேகமும் கட்டியின் வேகத்தோடு சேர்ந்தே முன்கண்ணாடியில் மோதுகிறது. சாலையை விட்டு விலகி நிறுத்த இடம் கிடைத்தால், முன்புறம் காற்றுக்கு எதிராக இருக்கும்படி நிறுத்துங்கள். சிதறாத கண்ணாடி அந்த ஒன்றுதான், அடியை அது வாங்கட்டும். பக்கக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, குழந்தைகளின் முகத்தைத் துணியால் மூடுங்கள். பாலத்துக்கு அடியில் நெடுஞ்சாலையின் ஓட்டத்தடத்திலேயே நிறுத்திவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். பின்னால் வருபவருக்கு அந்த மழையில் உங்கள் வண்டி தெரியாது. மரத்தடியும் வேண்டாம். பானட்டின் மீது போர்வை விரிக்க வெளியே இறங்கவும் வேண்டாம். ஒடுக்கைப் பட்டறையில் எடுத்துக்கொள்ளலாம்.